ஏழு வயதுப் பிள்ளையை ஜிம்னாஸ்டிக்கில் விடலாமா?

2024 பெப்ரவரி 9, பின்னேரம். மல்லாவியிலிருந்து ஒரு தகப்பன் கேட்டது

மகளுக்கு ஏழு வயது. இல்ல விளையாட்டுப் போட்டியில் அவள் கரணம் அடித்ததைப் பார்த்துவிட்டு உடற்கல்வி ஆசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். "இவளை ஜிம்னாஸ்டிக்கில் விடுங்கோ, மாகாணத்துக்குப் போவாள்" என்கிறார். எனக்கென்றால் இது பிஞ்சுப் பிள்ளையை வளைத்து முறிக்கிற வேலை. ஒழுங்கான மெத்தைகூட இல்லாத வன்னியில் இது தேவைதானா? பிள்ளையை விட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

2024 பெப்ரவரி 9, இரவு

விடுங்கள் அண்ணா. யோசிக்க வேண்டாம்.

என் மூத்தவளுக்கு ஒன்பது வயது, தரம் நான்கு. ஒன்றரை வருடமாகப் பழகுகிறாள். நாங்கள் தர்மபுரத்துக்கு உள்ளே இருக்கிறோம். கிழமையில் மூன்று நாள் பஸ் ஏறி, பரந்தனில் மாறி, கிளிநொச்சி டவுனில் ஒரு மண்டபத்துக்குப் போய்ப் பழகிவிட்டு, பொழுதுபட்ட பிறகுதான் வீடு வருகிறோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மடியில் நித்திரையாகிவிடுவாள். ஆனாலும் அடுத்த முறைக்கு உடுப்புப் பையை அவளே முதல்நாள் இரவு அடுக்கி வைத்துவிடுவாள்.

வளைத்து முறிப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒருவரும் சொல்லாமலே மாமரத்தில் தலைகீழாகத் தொங்கும், வயல் வரம்பில் கையை விரித்துக்கொண்டு ஓடும். அதையே ஒருவர் பக்கத்தில் நின்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறார், அவ்வளவுதான். மெத்தை இல்லை என்பது உண்மை. எங்கள் மண்டபத்தில் இருப்பது நாலு பழைய மெத்தையும் சீமெந்துத் தரையும். ஆனால் இந்த நாட்டிலிருந்து மில்கா கெஹானி என்ற பிள்ளை டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போய்விட்டது. இலங்கையிலிருந்து ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக் செய்த முதல் ஆள் அவர்தான். தொடக்க விழாவில் கொடி பிடித்து வந்தவர்களிலும் ஒருவர். அந்தப் படம் எங்கள் வீட்டு அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

2024 பெப்ரவரி 10

ஒன்று சொல்ல மறந்துபோனேன். முதல் மூன்று கிழமையும் மண்டபத்தில் பழக்குகிற சேர் பிள்ளைக்கு விழத்தான் பழக்கினார். நாடியை நெஞ்சோடு ஒட்டி வைத்து, முதுகை உருண்டையாக்கி, தோளால் உருளவேண்டும். பின்னுக்கு விழும்போது கையை ஊன்றவே கூடாது. ஊன்றினால் மணிக்கட்டும் முழங்கையும்தான் போகும். "விழத் தெரியாத பிள்ளையை நான் ஏத்தமாட்டன் அக்கா" என்றார். ஆசிரியர் பிள்ளையை நல்லாகப் பார்ப்பாரா என்று அறிய விரும்பினால், முதல் மாதம் என்ன பழக்குகிறார் என்று பாருங்கள்.

மேலே ஏறிச் சமநிலையோடு செய்கிற ஒடுங்கிய கட்டையான பீம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அகலம் 10 செ.மீ., நீளம் 5 மீற்றர், மெத்தையிலிருந்து உயரம் 125 செ.மீ. எங்களிடம் அது இல்லை. நாங்கள் ஓடாவியாரிடம் சொல்லி மூன்று மீற்றரில் ஒரு முதிரைப் பலகை இழைத்து எடுத்தோம். இரண்டு செங்கல் உயரத்தில் விறாந்தையில் கிடக்கிறது. மேலே பழைய கம்பளியைச் சுற்றித் தைத்திருக்கிறேன். பல் விளக்குவதும் அதன் மேல் நின்றுதான்.

2024 பெப்ரவரி 18

திருத்தம். 125 செ.மீ. என்பது தரையிலிருந்து அளப்பது, மெத்தையிலிருந்து அல்ல. சொன்னவருக்கு நன்றி. பலகையின் விளிம்பை உருட்டி இழைக்கச் சொன்னதும் நல்ல யோசனை. ஓடாவியார் நேற்று வந்து செய்து தந்தார்.

உடுப்பைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் மாமிக்கும் முதலில் அதுதான் பிரச்சினை: "பொம்பிளைப் பிள்ளை தொடை தெரிய நிக்கிறதோ?" டவுனில் தைக்கிற அக்காவிடம் கணுக்கால் வரைக்கும் மூடுகிற மாதிரி ஒரே துண்டாக, இழுபடும் துணியில் தைத்தோம். அது விதிக்குள்தான் வருகிறது. டோக்கியோவில் ஜெர்மனிப் பெண்கள் கால் முழுக்க மூடிய உடுப்போடுதான் போட்டியில் இறங்கினார்கள். அந்தப் படத்தை மாமிக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு, மேல மினுக்கம் கொஞ்சம் வைச்சால் என்ன?" என்றா. இப்போது மினுக்கம் ஒட்டுவது மாமியின் வேலை.

2024 மார்ச் 24

"இரவுச் சோற்றை நிறுத்தினால் உடம்பு இலகுவாகுமா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறா. அம்மா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வளருகிற பிள்ளை, அதிலும் பயிற்சி செய்கிற பிள்ளை, மற்றப் பிள்ளைகளைவிடக் கூடச் சாப்பிட வேண்டும். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் எலும்பு பலவீனமாகும், பிறகு மாதவிடாயும் குழம்பும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்து எச்சரித்தது. நாங்கள் போக முதல் ஒரு முட்டையும் வாழைப்பழமும், மண்டபத்தில் அவித்த கடலை, வந்து புட்டும் மீனும். எங்கள் வீட்டில் தராசு இல்லை, வாங்கப் போவதுமில்லை.

"பெரிசானாப் பிறகு விட்டிடுவாள்தானே, என்னத்துக்கு இந்தச் செலவு?" என்று சொந்தக்காரர் கேட்பார்கள். இன்னும் சிலர் காதுக்குள் வந்து, "நாளைக்குப் பிள்ளைப்பேறு என்னண்டு?" என்பார்கள். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 1992இலிருந்து எட்டு ஒலிம்பிக்கில் பங்குபற்றினா. மகன் பிறந்தது 1999இல். டோக்கியோவில் ஓடிவந்து மேசையில் கை ஊன்றிப் பாய்கிற வோல்ட் போட்டியில் இறங்கும்போது அவவுக்கு வயது 46.

2024 மே 19

மாகாணப் போட்டிக்குப் போய் வந்தோம். யாழ்ப்பாணத்தில் வெயில் தாங்க முடியவில்லை. பீமில் நாலாம் இடம். நடுவில் ஒருமுறை விழுந்தாள்.

விழுந்தால் முழுசாக ஒரு புள்ளி போய்விடும். சின்னப் பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரிய பிழைக்கு 0.5 என்று நேர்த்திக்குரிய பத்திலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். 2006இலிருந்து கடினத்துக்கு வேறாகவும் நேர்த்திக்கு வேறாகவும் புள்ளி போட்டுக் கூட்டுகிறார்கள். அதனால் 1976இல் மொன்ட்ரியலில் ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனேச்சி எடுத்த மாதிரி மொத்தமே பத்து என்ற கணக்கு இப்போது இல்லை. அன்றைக்கு அறிவிப்புப் பலகைக்குப் பத்தைக் காட்டத் தெரியாமல் 1.00 என்று காட்டியதாம்.

இதையெல்லாம் வாங்கில் இருந்தபடி மகளுக்கு விளங்கப்படுத்தினேன். "விழாமல் நிண்டிருந்தால் இரண்டாம் இடம்" என்று கொப்பியில் கூட்டியும் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டு ஐஸ்பழம் சாப்பிட்டாள். பழம் உருகி முழங்கை வரைக்கும் வழிந்தது, துடைக்கவில்லை.

2024 மே 20

நேற்று எழுதியதைக் காலையில் திரும்ப வாசித்தேன். அந்தக் கணக்கை அவள் கேட்கவே இல்லை. எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

2024 ஜூலை 7

கனநாள் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

போன வியாழன் பின்னேரம் கிணற்றடியில் நான் தண்ணீர் அள்ளி ஊற்ற, அவள் குளித்துக்கொண்டிருந்தாள். கிணற்றுக் கட்டு ஈரம். இரண்டு காலிலும் நுனிவிரலில் நிற்கிறாள். பயிற்சி நினைப்பில் நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன். "காலைச் சரியா வை, வழுக்கும்" என்றேன். வைத்தாள். வைக்கும்போது கீழ் உதட்டைக் கடித்தாள். நான் குந்தி இருந்து குதிக்காலை இரண்டு பக்கமும் விரலால் அமத்தினேன். கால் என் கையிலிருந்து துள்ளியது.

"நோகுதோ?"

"இல்லை."

"பிள்ளை, அம்மாவைப் பார்த்துச் சொல்லு."

"கொஞ்சம்."

"எப்பயிலிருந்து?"

தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கனநேரத்துக்குப் பிறகு சொன்னாள்: "யாழ்ப்பாணம் போக முதல்."

ஏழு கிழமைக்கு மேல். அந்தக் காலோடு பஸ் ஏறி இறங்கி, சீமெந்துத் தரையில் நூறு தரமாவது பாய்ந்து, போட்டியிலும் பீமில் ஏறியிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் அப்பாட்ட நெல்லு வித்த காசு வாங்கி உடுப்புத் தைச்சனீங்கள்" என்றாள்.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

2024 ஜூலை 9

ஆஸ்பத்திரியில் காட்டினோம். அம்மம்மா முதலில் எண்ணெய் போட்டு உரஞ்சச் சொன்னா. நான் விடவில்லை. முறிவு இல்லை என்று டொக்டர் சொன்னார். விளங்கியதை எழுதுகிறேன், மற்றப் பெற்றோருக்கு உதவும்.

பிள்ளைகளின் எலும்பு நீளுவது வளர்தட்டு என்ற மென்மையான பகுதியில். குதிக்கால் எலும்பின் பின்பக்கத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. கெண்டைக்காலிலிருந்து வருகிற தடித்த நாண் அதே இடத்தில்தான் பிடித்திருக்கிறது. பிள்ளை கெதியாக வளருகிற காலத்தில் தசையும் நாணும் இறுகி அந்தத் தட்டை இழுக்கும். அதோடு வெறுங்காலில் சீமெந்தில் பாய்ந்தால் அது வீங்கி நோகும். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரைக்கும் ஓடிப் பாய்ந்து விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கனபேருக்கு வருமாம். குதியை இரண்டு பக்கமும் அமத்தினால் நோவதுதான் அடையாளம். வளர்ச்சி முடிய, தட்டு எலும்போடு சேர்ந்து நோவும் மாறிவிடும்; நிரந்தரக் குறை வராது. அதுவரைக்கும் பாய்ச்சலைக் குறைக்க வேண்டும், ஐஸ் வைக்க வேண்டும், கெண்டைக்காலை மெல்ல நீட்டிப் பழக வேண்டும், குதிக்கு மெத்தென்ற சப்பாத்துப் போட வேண்டும்.

ஆறு கிழமை பாய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டார். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் பழகுகிறாள் என்றும் கேட்டார். கூட்டிப் பார்த்தால், போட்டிக்கு முந்திய மாதம் பதினொன்று. வயது எத்தனையோ, அதைவிடக் கூடின மணித்தியாலம் கிழமைக்குப் பழக்கக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் சொல்லப்படுகிற ஒரு கணக்காம். அவளுக்கு ஒன்பது.

மணிக்கட்டிலும் இதே மாதிரி வளர்தட்டு இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்கில் கையும் காலின் வேலை செய்கிறபடியால் அதையும் பார்க்க வேண்டும். கீழ் முதுகு நோகிறது, பின்னுக்கு வளைந்தால் கூடுகிறது என்றால் தாமதிக்க வேண்டாம் என்றார்.

2024 ஜூலை 21

மல்லாவி அண்ணாவுக்கு. பெப்ரவரியில் "யோசிக்க வேண்டாம்" என்று எழுதினேன். அந்த வசனத்தைத் திரும்பப் பெறுகிறேன். யோசியுங்கள்.

இந்த இரண்டு கிழமையும் ஒரே யோசனை. என் பிள்ளைக்கு நோவை மறைக்க யார் பழக்கியது? சேர் அல்ல. அவர் ஒவ்வொரு நாளும் தொடங்க முதல் "ஆருக்கு எங்க நோகுது?" என்று கேட்டுத்தான் தொடங்குவார். அவள்தான் கையை உயர்த்தவில்லை.

என் வலது கெண்டைக்காலில் 2009இல் போரில் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. எடுத்தால் நரம்புக்கு ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். மாரி காலத்தில் இரவில் நோகும். எழும்பி விறாந்தையில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்து படுப்பேன். ஏன் நித்திரை வரவில்லையா என்று பிள்ளை கேட்டால், "ஒண்டுமில்லை, நீ படு" என்பேன். ஒன்பது வருடமாக அவள் கேட்டது அந்த "ஒண்டுமில்லை"தான். எங்கள் தலைமுறை நோவைச் சொல்லிக்கொண்டிருந்தால் வாழ்ந்திருக்க முடியாது. பக்கத்தில் எப்போதும் எங்களைவிட மோசமாகக் காயப்பட்ட ஒருவர் இருந்தார். அது அந்தக் காலத்துக்குச் சரி. அதை நான் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது குதிக்காலை அமத்தும் வரைக்கும் எனக்குத் தெரியாது.

நேற்று இரவு கால் நொந்தது. அவளை எழுப்பவில்லை. காலையில் சொன்னேன்: "ராத்திரி அம்மாக்குக் கால் நொந்தது, அதுதான் நடந்தனான்." அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு ஐஸ் பையை எடுத்து வந்து என் காலில் வைத்தாள்.

2024 ஓகஸ்ட் 6

நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்குப் பாரிஸ் பீம் இறுதிப் போட்டி. சின்னப் போனில் மூன்று தலையும் முட்டப் பார்த்தோம். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் விழுந்தா. சுனிசா லீயும் விழுந்தா. தங்கம் இத்தாலியின் அலிசே டி'அமாட்டோவுக்கு. "அவவும் விழுவாவோ?" என்று மகள் மூன்று தரம் கேட்டாள்.

அதே பைல்ஸ் டோக்கியோவில் குழுப் போட்டி நடுவிலேயே விலகினதைச் சொன்னேன். காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்ற நிதானம் போய்விட்டது, அப்படிப் பாய்ந்தால் கழுத்து முறியும், அதனால் உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க "இன்றைக்கு என்னால் ஏலாது" என்று நின்றா. "ஆரும் பேசேல்லையோ?" என்றாள். பேசினவர்களும் இருக்கிறார்கள் என்றேன். மூன்று வருடம் கழித்து இதே பாரிஸில் மூன்று தங்கம்.

2024 ஓகஸ்ட் 25

ஆறு கிழமை முடிந்தது. அமத்திப் பார்த்தேன், நோவில்லை. திரும்பப் போகிறாயா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, பதில் வர முதலே உடுப்புப் பையை எட்டி எடுத்துவிட்டேன். அது கேள்வி அல்ல.

பையைத் திரும்ப வைத்துவிட்டு, ஒரு கிழமை பொறுத்து, அவள் தம்பியாரோடு முற்றத்தில் மண் விளையாடும்போது கேட்டேன். "கிழமைக்கு இரண்டு நாள் போறன். போட்டி இப்ப வேண்டாம்" என்றாள். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதும் அவள் தலைக்குள் இருக்கிறது.

இரண்டு நாள் என்று சேரிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அவர், "நல்லது அக்கா, குதியும் ஆறும்" என்றார்.

2024 செப்டெம்பர் 15

ஒரு வாசகி தனியாக எழுதியிருந்தா. வேறு ஊர். பயிற்சியாளர் பிள்ளைகளை மற்றவர்களுக்கு முன்னால் "தடிச்சி" என்று கூப்பிடுகிறாராம், தாய்மாரை மண்டபத்துக்குள் விடுவதில்லையாம். "கண்டிப்பு இருந்தால்தானே முன்னேறலாம்?" என்று கேட்கிறா.

அது கண்டிப்பு இல்லை. பிரித்தானிய ஜிம்னாஸ்டிக் பற்றி 2022இல் வந்த வைட் அறிக்கைக்கு நானூறுக்கு மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். காயத்தோடு பழக்கியது, நிறுத்துப் பார்த்து அவமானப்படுத்தியது, சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுத்தது என்று இதே கதைகள். அமெரிக்காவில் தேசியக் குழுவின் வைத்தியராக இருந்து, வைத்தியம் என்ற பெயரில் பிள்ளைகளைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்த லாரி நாசருக்கு 2018இல் தண்டனை கொடுக்கும்போது நீதிமன்றத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பேசினார்கள். அவர்களின் பெற்றோர் பிள்ளையில் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. சிலருக்குத் தாய் அதே அறையில் இருக்கும்போதே நடந்திருக்கிறது.

இந்த விளையாட்டில் தொடாமல் பழக்க முடியாது. பிள்ளை தலைகீழாகும்போது இடுப்பிலும் முதுகிலும் தாங்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் கதவு திறந்திருக்க வேண்டும், பெரிய ஆட்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். எங்கள் சேர் தொட முதல், "இடுப்பில பிடிக்கப்போறன்" என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் பிடிப்பார். எந்த இடத்தில் தாங்குவது சரி, எது சரியில்லை என்று மகளுக்கு நான் பலகையில் வைத்துக் காட்டியிருக்கிறேன். தங்கச்சி, பிள்ளையை அங்கிருந்து எடுங்கள். யாருக்குச் சொல்வது என்று தெரியாவிட்டால் 1929க்கு எடுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

2024 ஒக்டோபர் 9

இந்தியாவின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை தீபா கர்மாக்கர் ஓய்வு அறிவித்துவிட்டா. 31 வயது. திரிபுராவில் தட்டைப் பாதத்தோடு தொடங்கின பிள்ளை, ரியோவில் வோல்ட்டில் நாலாம் இடம், வெண்கலம் 0.15ஆல் தவறியது. மே மாதம் ஆசிய சம்பியன்ஷிப்பில் தங்கம்கூட எடுத்தா. முழங்கால் சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகு உடம்பு இனி ஓய்வு கேட்கிறது என்று நிறுத்தியிருக்கிறா. மில்காவின் படத்துக்குப் பக்கத்தில் இவவின் படத்தையும் மகள் ஒட்டியிருக்கிறாள்.

2024 நவம்பர் 10

கொழும்புக்குக் குழுவோடு போனோம். இவள் போட்டிக்கு இல்லை, பெரிய பிள்ளைகளுக்குத் துணையாக. இரவு பஸ், முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போனோம்.

விடிய மண்டபத்துக்குள் போனதும் சேர் அவளை உண்மையான புளோரில் ஏற விட்டார். 12 மீற்றருக்கு 12 மீற்றர். மேலே கம்பளம், கீழே பலகை, அதற்கும் கீழே வில்லுகள். வெறுங்காலோடு ஓரத்தில் நின்று ஒருதரம் மெல்லத் துள்ளினாள். நின்றுவிட்டாள். குனிந்து உள்ளங்கையால் கம்பளத்தைத் தடவினாள். திரும்பவும் துள்ளினாள், இந்த முறை உயரமாக. என்னைப் பார்த்துக் கத்தினாள்: "அம்மா, நிலம் என்னைத் தூக்குது!"

அவளைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். பிறகு வெளியே போய் அழுதேன். தெற்கில் சில பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் இதில்தான் இறங்குகிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு பாய்ச்சலையும் குதிக்காலில் வாங்குகிறார்கள். மல்லாவி அண்ணா, மெத்தை இல்லை என்று முதல் நாளே எழுதினீர்கள். நான் அதை ஒரு வசனத்தில் தட்டிவிட்டுப் போனேன். நீங்கள் சொன்னதுதான் பெரிய விசயம். மாகாணத்தில் ஒரு இடத்திலாவது வில்லுத் தரை போடச் சொல்லி பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். 43 கையெழுத்து வந்திருக்கிறது. நீங்களும் போடுங்கள்.

2024 டிசெம்பர் 8

வெள்ளத்தில் மண்டபத்துக்குள் தண்ணீர் ஏறி இரண்டு மெத்தை பூஞ்சணம் பிடித்துவிட்டது. வெயில் வந்ததும் தாய்மார் சேர்ந்து உறையைக் கழற்றிக் கழுவினோம். ஒன்று தேறியது. கையெழுத்து 61.

2025 ஜனவரி 12

மல்லாவி அண்ணா மகளைச் சேர்த்துவிட்டதாக எழுதியிருக்கிறார், கிழமைக்கு ஒருநாள். சந்தோசம். குதிக்காலை இடைக்கிடை அமத்திப் பாருங்கள். போட்டி முடிந்து வந்தால் ஐஸ்பழம் வாங்கிக் கொடுங்கள், கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

நாங்கள் வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் போகவில்லை. காலையில் எழும்பி அவளாகவே வந்தாள். "அம்மா, இடது மணிக்கட்டு நோகுது. அமத்தினாலும் நோகுது, ஊண்டினாலும் நோகுது." சேருக்கு எடுத்துச் சொன்னேன். "சரி அக்கா, ஆறட்டும்" என்றார். நாளைக்கு டொக்டரிடம் காட்டுவோம்.

வெளியே மழை பெய்கிறது. விறாந்தையில் தம்பியாரை முதிரைப் பலகையில் ஏற்றி விழப் பழக்குகிறாள். "கையை ஊண்டாதை, கையை ஊண்டாதை, உருளு" என்று சத்தம் கேட்கிறது.